பொங்காத மாவு

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 17, பெரிய சனிக்கிழமை. இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைவீதியில் இருந்த ஒரே பேக்கரியின் போறணை அடுப்பில் விடிந்தும் நெருப்பு வைக்கப்படவில்லை.

மறுநாள் பாஸ்கு, ஆண்டவர் உயிர்த்த திருநாள். மாதா கோயிலில் பூசை முடிந்து இறங்கிவரும் சனத்துக்குச் சூடாகப் பாண் ரொட்டியும் சீனி பணிஸும் கொடுப்பதாகப் பேக்கரிக்காரன் லியனார்ட் சொல்லியிருந்தான். விடியுமுன்பே மாவு பிசைந்து மரத்தொட்டியில் போட்டு, அதன்மேல் கத்தியால் ஒரு சிலுவையும் கீறியாயிற்று. வெயில் ஏறிய பிறகும் அந்தச் சிலுவை கீறினபடியே ஒடுங்கிக் கிடந்தது. மாவு பொங்கியிருந்தால் அது பிளந்து விரிந்திருக்கும்.

"குளிருதாங்க காரணம். ராத்திரி பூரா பனி கொட்டிச்சே" என்றாள் அவன் மனைவி ஜோசப்பின்.

லியனார்ட் தொட்டியின்மேல் சாக்குகளை இழுத்துப் போட்டான். அது போதாதென்று ஜோசப்பின் உள்ளே போய்த் தன் பழைய கம்பளியை எடுத்துவந்து போர்த்தினாள். கொழுந்து பறித்த காலத்தில் மழைக்கு அவள் தலைமேல் கிடந்த தோட்டத்துக் கம்பளி. தொழிலாளர் வரிசைவீடான லயத்தை விட்டு வந்த பிறகும் அவள் அதை எறியவில்லை. எறிந்தால், திரும்பவும் தேவைப்படும் நாள் வந்துவிடும் என்று ஒரு பயம்.

அந்தக் குடும்பம் கடைவீதிக்கு வந்த கதை ஊருக்குத் தெரியும். நோர்வூட் ஒரே தெரு. தகரக் கூரை போட்ட புடவைக்கடை, இரும்புக்கடை, கண்ணாடி வைத்த சலூன், பாலத்தை ஒட்டிச் சாராயத் தவறணை. அதுவரை பாண் மட்டும் ஹட்டன் டவுனிலிருந்து பஸ் கூரையில் வரும். மழை நாளில் நனைந்து வரும். ஹட்டன் பேக்கரி ஒன்றில் மாவு பிசைந்து தொழில் பழகிய லியனார்ட், பாழாய்க் கிடந்த உப்புக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இடித்த தேயிலை ஸ்டோரின் செங்கல்லைச் சுமந்துவந்து தன் கையாலேயே போறணை கட்டினான். ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். அவ்வளவு பெரிது.

மாவு பொங்கக் கள்ளு வேண்டும். மலையில் தென்னை ஏது? கினிகத்தேனைப் பக்கமிருந்து ஒரு சிங்கள ஆள் கித்துள் பனைக் கள்ளைப் பானையில் கொண்டுவந்து தினமும் மாலையில் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போவான். மறுநாள் மாவுக்கு அதுதான். லியனார்ட் அதில் விரலைத் தொட்டு நாவில் வைப்பான். அந்த ஒரு சொட்டிலேயே கள்ளின் பலம் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பாஸ்குவுக்கு முந்திய தபசுகாலம் முடியும்வரை கள்ளோ சாராயமோ நாவில் படாது என்று அவன் மாதாவுக்கு நேர்ந்திருந்தான். புதுப் போறணை வெடிக்காமல் முதல் சூடு தாங்கிய அன்று வைத்த நேர்ச்சை அது. ஆகவே தபசுகாலம் முழுக்கக் கள்ளை ருசி பார்த்துச் சொல்வது தம்பி சிறிலின் வேலை. சிறிலின் நாக்குக்கு நேர்ச்சை எதுவும் இல்லை.

"நேத்துக் கள்ளு எப்புடிடா?" என்று லியனார்ட் விடியற்காலையில் கேட்டிருந்தான்.

"கும்முனு இருக்கு அண்ணே. தாராளமா ஊத்துங்க" என்றிருந்தான் சிறில்.

வாசலில் சத்தம் கேட்டது.

"பாண் பாஸு! கொஞ்சம் வெளிய வாய்யா!"

தவறணை நல்லமுத்து. ஒரு காலத்தில் லயத்தில் லியனார்ட்டுக்கு அடுத்த காம்பிரா அறையில் வளர்ந்தவன்; இன்று வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாகத் திரிகிறவன். அவன் பின்னால் தவறணையில் பீப்பாய் உருட்டும் அழகன் நின்றான். சலூனில் பாதி முகம் சவரம் செய்திருந்த ஒருவன் சோப்பு நுரையோடு எழுந்து வாசலுக்கு வந்தான்.

"என்னங்க அண்ணே, காலங்காத்தால?" என்றபடி லியனார்ட் மாவு படிந்த கையோடு வெளியே வந்தான்.

"நேத்துப் பெரிய வெள்ளி. ஏங்கடைக்குப் பூட்டு. சாவி இந்தா, என் இடுப்புலதான் இருந்துச்சு. ஆனா இருட்டுற நேரத்துல மேல்லயத்து ஆளுங்க பாலத்துல தள்ளாடிக்கிட்டு வாறானுங்க. பச்சத் தண்ணி குடிச்சா தள்ளாடுவானுங்க?"

"அத அவனுங்ககிட்டல்ல கேக்கணும்?"

"கேட்டேன். பேக்கரிப் பின்வாசல்னு சொல்றானுங்க."

"ஏங்கடையில மாவு மட்டுந்தான் அண்ணே கள்ளு குடிக்கும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லமுத்து சிரிக்கவில்லை.

"தினமும் உள்ள போற கள்ளையும் பாக்குறேன், வெளிய வர்ற பாணையும் பாக்குறேன். அம்புட்டுக் கள்ளையும் மாவு குடிச்சிருந்தா இந்நேரம் ஓங்கூரையப் பேத்துக்கிட்டுல்ல எந்திரிச்சிருக்கணும்?"

இந்த முறை இன்னும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது. லியனார்ட்டின் காது சிவந்தது. அவன் வலது கையை நெஞ்சில் வைத்தான்.

"நாளைக்கு உயிர்த்தெழுற ஆண்டவர் மேல சத்தியம். இந்தக் கூரைக்குக் கீழ ஒரு சொட்டுக் கள்ளு வித்தது கெடையாது."

"சத்தியத்த நம்புறவன் தவறணை நடத்த முடியுமாய்யா? நீ விக்கல, சரி. வீட்டுக்காரி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கோ என்னமோ."

அறை விழுந்த சத்தம் இரும்புக்கடை வரைக்கும் கேட்டது.

நல்லமுத்துவின் கன்னத்தில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தன. அழகன் பாய்ந்தான். நல்லமுத்து கையை நீட்டி அவனைத் தடுத்தான். கன்னத்து மாவைத் துடைக்காமலே, கூடிநின்ற ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தான்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

ஜோசப்பினுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்ட இத்தனை காலத்தில் அவளுக்காக அவன் கை ஓங்கியது இதுதான் முதல் தடவை. ஆனால் ஒன்று உறுத்தியது. தெருவில் யார் முறைத்தாலும் முதல் ஆளாகப் பாய்கிற சிறில் வாசலுக்கு வரவே இல்லை. பின்கட்டில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் விறகு மிளாற்றைத் தறித்துக்கொண்டே இருந்தான். தறித்து முடிந்ததையே திரும்பத் திரும்பத் தறித்துக்கொண்டிருந்தான்.

உச்சிப்பொழுது வந்தும் மாவு அசையவில்லை. லியனார்ட் கம்பளியையும் சாக்குகளையும் விலக்கி முழங்கைவரை கையை உள்ளே விட்டான். எடுத்த கையில் மாவு களிமண்ணாக ஒட்டியிருந்தது.

அவன் மூலைக்குப் போய்க் கள்ளுப் பானையைச் சரித்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முகர்ந்தான். மணம் இருந்தது. ஒரு கணம் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தான். பிறகு விரலைத் தொட்டு நாவில் வைத்தான்.

"ஏங்க, நேர்ச்ச!" என்றாள் ஜோசப்பின்.

"தண்ணி" என்றான் லியனார்ட். "பானையக் கழுவுன தண்ணி."

பின்கட்டில் கத்திச் சத்தம் நின்றது.

போறணையிலிருந்து பாண் எடுக்கும் நீளப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. லியனார்ட் அதை எடுத்தபோது முகத்தில் கோபமே இல்லை. அதுதான் ஜோசப்பினைப் பயமுறுத்தியது. முதல் அடி சிறிலின் தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். மூன்றாவதில் பலகை முறிந்தது. முறிந்த காம்பால் அடித்தான். சிறில் கையால்கூடத் தடுக்கவில்லை. உதடு கிழிந்து பல்லில் இரத்தம் வழிந்தது.

"செத்துருவாங்க! விடுங்க! ஒங்க ரத்தங்க அது!"

அவள் இடையில் விழுந்தபிறகுதான் லியனார்ட் காம்பைக் கீழே போட்டான்.

"ஏண்டா? என்னடா கொறச்சேன் ஒனக்கு?"

சிறில் இரத்தத்தைத் துப்பினான்.

"ஒண்ணும் கொறைக்கல அண்ணே. தெருவுல ஒங்களப் பாஸுங்கிறாங்க. என்னையப் பாண்கூடைங்கிறாங்க. நேத்து விறகுக் கொட்டாயில கள்ளுக்கு எம்புட்டுப் பேரு என்னையச் சுத்தி உக்காந்திருந்தாங்க தெரியுமா? சிறில் அண்ணேங்கிறான், சிறில் மொதலாளிங்கிறான். நானும் ஒரு கடை வச்ச மாதிரி இருந்துச்சு."

"பெரிய வெள்ளியன்னிக்கு."

"அன்னிக்குத்தானே தவறணை பூட்டு."

லியனார்ட் மாவுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லமுத்துவை அறைந்த கை அது. சத்தியம் செய்ய நெஞ்சில் வைத்த கையும் அதுவே. பிறகு எழுந்து சட்டையைப் போட்டான்.

"எங்க?" என்றாள் ஜோசப்பின்.

"அவன் சொன்னது நெசம். நான் சொன்னது பொய். தெருவுல அடிச்சேன், தெருவுல போயிச் சொல்லணும்."

"தவறணையில ஆளு சேத்துக்கிட்டு இருக்காங்க. பொழுது எறங்கட்டும், சாமியாரக் கூட்டிக்கிட்டுப் போவோம்."

"பூசைக்கு முன்ன சொல்லணும் புள்ள. இந்த வாயோட நான் எப்புடி நாக்குல நன்ம வாங்குறது?"

அவன் தெருவில் இறங்கினான். ஜோசப்பின் சலூன் வரைக்கும் பின்னாலேயே போய் அங்கே நின்றுவிட்டாள். பாலத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தவறணை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். லியனார்ட் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "காலையில நான் செஞ்சது பொய்ச் சத்தியம். எனக்குத் தெரியாம நடந்துச்சு. ஆனா நடந்துச்சு. நல்லமுத்தண்ணே, ஒங்களக் கைநீட்டுனது தப்பு. இந்தாங்க ஏங்கன்னம்."

நல்லமுத்து அவனையே பார்த்தான். அந்தப் பார்வையில் பழைய லயத்துச் சிநேகிதன் ஒரு கணம் வந்துபோனது போல ஜோசப்பினுக்குத் தோன்றியது.

"ஓங்கன்னத்த வச்சிக்கிட்டு நான் என்னா செய்யிறது? வித்தவனக் கூட்டியா."

"அவன நானே அடிச்சிட்டேன். போதும் அண்ணே."

"நீ அடிச்சது ஓங்கடைக்கு. ஏங்கடைக்கு நான் அடிக்க வேணாமா?"

"தம்பியத் தரமாட்டேன்."

லியனார்ட் அதைச் சாந்தமாகத்தான் சொன்னான். சொல்லி வாய் மூடுமுன் அழகன் கையிலிருந்த பீப்பாய்க் கட்டை அவன் விலாவில் இறங்கியது. பச்சை மிளாறு முறிவது போல ஒரு சத்தம். லியனார்ட் முழந்தாளிட்டான். இரண்டாவது அடி தலையில். விழுந்தவனைச் சுற்றிக் கால்கள் நெருங்கின. அதற்குமேல் ஜோசப்பினுக்கு அவன் தெரியவில்லை. உதைக்கிற கால்கள் மட்டுமே தெரிந்தன.

தெருவில் கடைக்காரர்கள் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சொருகி அடைக்கத் தொடங்கினார்கள். யாரும் வெளியே வரவில்லை.

"பேக்கரிக்கு வாங்கடா!" என்று ஒரு குரல் கேட்டது.

ஜோசப்பின் ஓடினாள்.

சிறில் கவ்வாத்துக் கத்தியோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தான். அவள் அவன் நெஞ்சில் கைவைத்துப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"விழுந்து கெடக்காரு. நீ போனா நீயும் விழுவ. உள்ள போ!"

"எங்க?"

அவள் போறணையைக் காட்டினாள். வியாழக்கிழமை அணைந்த நெருப்பின் இளஞ்சூடு மட்டும்தான் அதில் மிச்சம். வாயருகே பற்றவைக்கத் தயாராகக் காய்ந்த மிளாறு அடுக்கியிருந்தது. சிறில் அதை விலக்கித் தவழ்ந்து உள்ளே போனான். கத்தியை விடவில்லை. அவள் மிளாற்றை முன்னால் இழுத்து அடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது.

கண்ணாடி அலுமாரி முதலில் உடைந்தது. பிறகு பாண்கூடைகள், தட்டுகள், மாதா படம். நாலு பேர் சேர்ந்து மாவுத்தொட்டியைக் கவிழ்த்தார்கள். மாவு ஓடவில்லை, அறுத்துப்போட்ட இறைச்சி போலப் பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. அதன்மேல் அவளுடைய கம்பளி.

"தங்கச்சி, சிறில் எங்க?" என்று நல்லமுத்து கேட்டான்.

"மேல தோட்டத்துக்கு ஓடிட்டான்."

"பின்வாசல்ல ஆளு நிக்குது. யாரும் ஓடல."

"அப்பத் தேடிப் பாருங்க."

தேடினார்கள். விறகுக் கொட்டாயைச் சரித்தார்கள். அறைக்குள் புகுந்து கட்டிலைப் புரட்டினார்கள். ஜோசப்பின் போறணைக்கு முன்னால் நின்றாள். நிற்கிறோம் என்று அவளுக்கே தோன்றியபோது இரண்டு அடி தள்ளி நின்றாள். அது பிழையாகப் போயிற்று. வழி திறந்தது.

"பாண் சுடாத போறணை என்னாத்துக்கு? தீய வச்சித் தகரத்தோட எரிச்சா என்னா?" என்று அழகன் அடுப்பங்கரையிலிருந்து கொள்ளி ஒன்றை எடுத்துவந்து மிளாற்றுக்குள் செருகினான்.

காய்ந்த தேயிலை மிளாறு கடகடவென்று பற்றியது.

கத்தினால் சிறிலை அடித்துக் கொல்வார்கள். கத்தாவிட்டால் வெந்து சாவான். ஜோசப்பின் அதை யோசித்து முடிக்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் அதற்குள் நெருப்புக்குள் போயிருந்தன. எரிகிற மிளாற்றை அள்ளிப் பின்னால் வீசினாள். திரும்பவும் அள்ளினாள். புடவைத் தலைப்பில் தீ ஏறியது.

"ஏய், என்னா செய்யிற!" என்று நல்லமுத்து கத்தினான்.

"உள்ள ஆளு இருக்குய்யா!"

அழகன் வாயைத் திறந்தபடி பின்னுக்கு நகர்ந்தான்.

நல்லமுத்து கையிலிருந்த தடியை எறிந்தான். ஜோசப்பினை ஒரு தள்ளுத் தள்ளி, தரையில் கிடந்த கம்பளியை அவள்மேல் வீசி, எரிகிற மிளாற்றை இரண்டு காலாலும் உதைத்து விலக்கினான். பிறகு குனிந்து, தோள்வரைக்கும் போறணைக்குள் நுழைந்தான்.

"வாடா! ஏங்கையப் பிடி! வெளிய வாடா!"

உள்ளே புகை. சிறிலுக்குத் தெரிந்ததெல்லாம் தன் சட்டையைப் பிடித்து இழுத்த ஒரு கை. குரல் யாருடையதென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குரல் சற்று முன்வரை அவனைத் தேடிக்கொண்டிருந்த குரல்.

கவ்வாத்துக் கத்தி நல்லமுத்துவின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இறங்கியது.

நல்லமுத்து தானாகவே வெளியே வந்தான். இரண்டு அடி நடந்து, கவிழ்ந்து கிடந்த மாவின்மேல் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை ஒரு பக்கமாகச் சிவந்துகொண்டே வந்தது. அவன் ஜோசப்பினைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றான். இடுப்புச் சாவிக்கொத்து மாவில் புதைந்தது.

தவறணை ஆட்கள் ஓடினார்கள். முதலில் ஓடியது அழகன்.

பொலிஸ் வந்தபோது சிறில் போறணை வாயில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். கத்தியைக் கேட்டதும் கொடுத்தான். இருவர் அவனைத் தெருவழியே நடத்திப் போனார்கள். அப்போதும் ஒரு கடையும் திறக்கவில்லை. பலகை இடுக்குகளில் கண்கள் மட்டும் தெரிந்தன.

ஜோசப்பினின் கைகளில் தேங்காய் எண்ணெய் பூசித் துணி சுற்றியிருந்தார்கள். சிங்கள இன்ஸ்பெக்டர் கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தி அதன்மேல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"நீதான் பக்கத்தில நின்டது. வேற ஆள் இல்ல. செத்த மனுசன் கைய உள்ளுக்குப் போட்டது அடிக்கவா, காப்பாத்தவா?"

காப்பாற்ற என்று சொன்னால் சிறிலுக்குத் தூக்கு. அடிக்க என்று சொன்னால் அது அந்த வீட்டில் ஒரே நாளில் செய்யப்படும் இரண்டாவது பொய்ச் சத்தியம். அவள் துணி சுற்றிய கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளுக்குப் பிறகு நெருப்புக்குள் போனவை நல்லமுத்துவின் கைகள்தாம்.

"ஏம் புருசன் எந்திரிக்கட்டும் ஐயா. சொல்றேன்" என்றாள்.

நல்லமுத்து வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்திருந்தான். லியனார்ட்டுக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஞாயிறு காலையிலும் அவனுக்கு நினைவு திரும்பவில்லை; ஜோசப்பினின் பதிலும் அதுவரை காத்துக் கிடந்தது. சிறிலை ஹட்டனுக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்குப் பூசைக்கு வந்த சனத்துக்கு ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸின் கூரையில் பாண் வந்தது. பூசை முடிந்த கொஞ்ச நேரத்தில் அது விற்றுத் தீர்ந்தது.